டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் ஹார்மோன்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலை நினைப்பவர்கள் உண்டு. பீங்கானை நினைப்பவர்களும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையிலுள்ள இந்த ஊரில் செராமிக் தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. அங்குள்ள சிறு சிறு பட்டறைகளில் பொம்மைகள், விளக்குகள், நாம் 'பீஸ் கட்டை' என்று சொல்லும் மின்சார ஃபியூஸ் தாங்கிகள் என்று பல பொருள்கள் உருவாகின்றன.

பீங்கான் செய்கிறவர்கள் வெள்ளைக் களிமண்ணை வேறு சில பொருள்களோடு சேர்த்து அரைத்து, நீரில் கலந்து, பால் போன்ற குழம்பாக்குவார்கள். இந்தக் குழம்பை அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு காந்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும்படி செய்வது இத்தொழிலில் வழக்கம். ஏன் தெரியுமா? அரைக்கும் இயந்திரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் இரும்புத் துகள்கள் குழம்பில் கலந்திருக்கலாம். கண்ணுக்கு அவை தெரிவதில்லை. குழம்பு வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். ஆனால் பொம்மையைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தால், அதன் கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தோன்றிவிடும். பிறகு அதை யார் வாங்குவார்கள்?

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பொருளில் வேறொன்று கலந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு, கலந்ததைப் பிரிக்க வேண்டுமானால், ஒன்றுக்கு இருந்து மற்றொன்றுக்கு இல்லாத ஒரு குணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரும்பைக் காந்தம் இழுக்கும், களிமண்ணை இழுக்காது. அந்தக் குண வேறுபாடுதான் பிரிப்பதற்குக் கைப்பிடி.

மாணவ நண்பர்களே, இன்று சிறிய ஊர்களில்கூட உடற்பயிற்சிக்கூடங்கள் வந்துவிட்டன. மிக நல்ல விஷயம். ஆனால் அவற்றோடு சேர்ந்து பெரிய பெரிய டப்பாக்களில் 'சத்து மாவு'களும், சில இடங்களில் எண்ணெய் போன்ற மருந்துக் குப்பிகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. டப்பாவைத் திறந்தால் உள்ளே வெள்ளைத் தூள். அதில் பாலிலிருந்து எடுத்த புரதம் மட்டும்தான் இருக்கிறதா, தசையை வளர்க்கும் ஹார்மோன் ஏதாவது கலந்திருக்கிறதா? இங்கே காந்தம் உதவாது. வேறு எது உதவும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நூறு கிலோவில் பத்து மில்லிகிராம்

முதலில் ஹார்மோன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். 1849ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்டு என்ற விஞ்ஞானி சில இளஞ்சேவல்களின் விந்தகங்களை அகற்றினார். அந்தச் சேவல்களின் கொண்டை சுருங்கிவிட்டது, அவை கூவவில்லை, சண்டையும் போடவில்லை. வேறு சில சேவல்களுக்கு, அகற்றிய விந்தகத்தை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். அவை வழக்கம்போல் கொண்டை வளர்ந்து கூவின! பழைய நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருந்ததால், ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியாகத்தான் சென்று வேலை செய்கிறது என்பது தெளிவாயிற்று. இப்படி இரத்தத்தில் கலந்து உடலின் வேறு பகுதிகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஹார்மோன் என்ற சொல்லை வழங்கினார்.

சேவலைக் கூவவைத்த அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1935ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கூர் என்பவரின் குழு, 100 கிலோ காளை விந்தகங்களிலிருந்து 10 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தெடுத்தது. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோ என்பது பத்துக் கோடி மில்லிகிராம். அதில் 10 மில்லிகிராம் என்றால் ஒரு கோடியில் ஒரு பங்கு! அதே ஆண்டில் புட்டனாண்ட், ரூசிக்கா என்ற இருவரும் தனித்தனியே கொலஸ்டிராலிலிருந்து இதே பொருளைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். இவர்கள் இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

எத்தனை சிறிய அளவு என்பதைக் கவனித்தீர்களா? உடலில் ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்கின்றன. ஆகவே ஒரு டப்பா மாவில் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவு ஹார்மோன் கலந்திருந்தாலும் அதை அலட்சியப்படுத்த முடியாது.

கலவையும் சேர்மமும்

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். உப்பையும் மணலையும் கலந்தால் அது கலவை. உப்பு உப்பாகவே இருக்கிறது, மணல் மணலாகவே இருக்கிறது. சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவது ரசாயனச் சேர்க்கை. அங்கே புதிய பொருள் பிறக்கிறது.

ஹார்மோன் மருந்துகளில் இரண்டும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பினத்தைச் சேர்ந்த பொருள். தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. விந்தகம் சரியாக வேலை செய்யாத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியே கொடுத்தால் உடல் அதை விரைவில் அழித்துவிடும். ஆகவே மருந்துத் தொழிற்சாலைகளில் அதை ஒரு கொழுப்பு அமிலத்தோடு ரசாயன முறையில் சேர்த்து எஸ்டர் என்ற பொருளாக்குகிறார்கள். இது சேர்மம். பிறகு அந்த எஸ்டரை எண்ணெயில் கரைக்கிறார்கள். இது கலவை. சில மருந்துகளில் அந்த எண்ணெய் நம் வீட்டு நல்லெண்ணெயின் இனத்தைச் சேர்ந்ததுதான், நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது.

ஊசி போட்டதும் அந்த எண்ணெய் தசைக்குள் ஒரு சிறு குளம்போல் தங்குகிறது. அதிலிருந்து எஸ்டர் மெல்ல மெல்லக் கசிந்து இரத்தத்துக்கு வருகிறது. அங்குள்ள நொதிகள் எஸ்டரை வெட்டி, ஹார்மோனைத் தனியே விடுகின்றன. சேர்க்கப்பட்ட அமிலத்தின் கார்பன் சங்கிலி நீளமாக இருந்தால் எண்ணெயின் மீது அதற்குப் பிரியம் அதிகம். வெளியே வரத் தாமதிக்கும். மூன்று கார்பன் உள்ள அமிலத்தோடு சேர்ந்தது ஓரிரு நாளில் தீர்ந்துபோகும். ஏழு கார்பன் உள்ளதோடு சேர்ந்தது வாரக்கணக்கில் நீடிக்கும்.

இதை வைத்திய முறையில், அளவு பார்த்து, இரத்தப் பரிசோதனையோடு செய்வது ஒன்று. பெயர் தெரியாத குப்பியில் யாரோ கலந்ததை உடலுக்குள் செலுத்திக்கொள்வது வேறு. கலந்தது எது, எத்தனை என்பதைக் குப்பியின் மீது ஒட்டிய சீட்டு சொல்லலாம். அது சொல்வது உண்மையா என்பதைப் பரிசோதனை மட்டுமே சொல்லும்.

எண்ணெயா, தண்ணீரா?

சரி, மாவு டப்பாவுக்கு வருவோம். புரதமும் சர்க்கரையும் நிறைந்த மாவில் ஒரு துளி ஹார்மோன். பிரிப்பதற்குக் கைப்பிடி எது? மேலே பார்த்த குணம்தான்: ஹார்மோனுக்கு எண்ணெய் பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது.

ஆராய்ச்சிக்கூடத்தில் மாவை நீரில் கலந்து, அதோடு ஈதர் போன்ற ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குகிறார்கள். ஈதரும் நீரும் கலக்காமல் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். சர்க்கரை நீரிலேயே தங்கிவிடும். ஹார்மோனின் பெரும்பகுதி மேலே உள்ள ஈதர் அடுக்குக்குப் போய்விடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 100 மில்லி நீரோடு 100 மில்லி கரைப்பானைக் குலுக்கினால், ஒரு பொருள் நான்கில் மூன்று பங்கு கரைப்பானுக்கும் ஒரு பங்கு நீருக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் மொத்தம் 300 மில்லி கரைப்பான் இருக்கிறது. அதை ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்குவது நல்லதா, நூறு நூறாக மூன்று தடவை குலுக்குவது நல்லதா?

ஒரே தடவையில் ஊற்றினால் நீரில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். மூன்று தடவையாகச் செய்தால் முதலில் நான்கில் ஒரு பங்கு, பிறகு பதினாறில் ஒரு பங்கு, கடைசியில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்! சோப்புப் போட்ட துணியை ஒரே வாளி நீரில் முக்கி எடுப்பதைவிட, அதே நீரை மூன்றாகப் பிரித்து மூன்று முறை அலசினால் துணி சுத்தமாகிறதல்லவா? அதே தத்துவம்தான். சிறு வேறுபாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பெரிய பிரிவினை கிடைக்கும். இதை நினைவில் வையுங்கள். அடுத்து வருவதற்கு இதுதான் ஆதாரம்.

சாக்குக்கட்டி காட்டும் வித்தை

கரைப்பானுக்குள் இப்போது பல எண்ணெய்ப் பிரியர்கள் வந்துவிட்டார்கள். மாவிலிருந்த கொழுப்பு, வாசனைப் பொருள், சாயம், அவற்றோடு ஒருவேளை ஹார்மோனும். இவர்களை எப்படிப் பிரிப்பது? நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஒரு வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில், நீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். ஒரு தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, சாக்குக்கட்டியை அதில் நிற்க வையுங்கள். நீர் கோட்டைத் தொடக்கூடாது. சாக்குக்கட்டியின் நுண்துளைகள் வழியாக நீர் தானாகவே மேலே ஏறும். கோட்டைத் தாண்டி ஏறும்போது என்ன நடக்கிறது? பல பேனாக்களில் கறுப்பு கறுப்பாக இருப்பதில்லை! நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கும். கறுப்பு மை என்பது பல சாயங்களின் கலவை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நம் வகுப்பறைச் சாக்குக்கட்டிகள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலிருந்து செய்யப்படுகின்றன. விருத்தாசலத்துப் பொம்மை அச்சுகளும் அதே பொருள்தான். களிக்குழம்பை அச்சில் ஊற்றியதும் அச்சின் நுண்துளைகள் நீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ள, களிமண் சுவரில் படிந்து பொம்மையாகிறது. நீரை ஏறவைக்கும் நுண்துளை இரண்டிலும் ஒன்றே.

சாயங்கள் ஏன் பிரிந்தன? மாசி மகத்தன்று விருத்தாசலம் தேர் வீதியில் மூன்று பேர் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மூவரையும் ஒரே வேகத்தில் முன்னே தள்ளுகிறது. முதலாமவர் எந்தக் கடையையும் பார்ப்பதில்லை. இரண்டாமவர் வளையல் கடைகளில் மட்டும் நிற்கிறார். மூன்றாமவர் எல்லாக் கடைகளிலும் நின்று விலை கேட்கிறார். வீதியின் கோடியில் போய்ப் பார்த்தால் மூவரும் ஒன்றாகவா வந்து சேர்வார்கள்? கடையில் நிற்கும் நேரம்தான் அவர்களைப் பிரித்துவிட்டது. நம் சோதனையில் கூட்டம் என்பது நீர். கடைகள் என்பவை சாக்குக்கட்டியின் துகள்கள். துகளின் பரப்பில் அதிக நேரம் ஒட்டி நிற்கும் சாயம் பின்தங்கும்.

இதை அளக்கவும் செய்யலாம். கோட்டிலிருந்து நீர் 8 செ.மீ. ஏறியபோது நீலம் 6 செ.மீ.யும் சிவப்பு 4 செ.மீ.யும் ஏறியிருந்தால், நகர்வு விகிதம் நீலத்துக்கு 0.75, சிவப்புக்கு 0.5. அதாவது நீலம் தன் நேரத்தில் முக்கால் பங்கை நீரோடு நகர்வதில் செலவிட்டது. சிவப்பு பாதி நேரத்தைத்தான். அதே சாக்கு, அதே நீர் என்றால் இந்த எண்ணும் ஏறக்குறைய அப்படியே வரும். ஆகவே இது அந்தச் சாயத்துக்கு ஓர் அடையாளச் சீட்டு.

இம்முறைக்கு வண்ணப்பிரிகை என்று பெயர். மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்து, 1906ஆம் ஆண்டில் பெயரும் சூட்டினார். கால்சியம் கார்பனேட் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியாக இலைச்சாற்றை ஒழுகவிட்டு, அதன் பச்சை, மஞ்சள் நிறங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றால் நிறம் என்று பொருள். என்ன பொருத்தம் பாருங்கள்! பின்னால் மார்ட்டின், சிஞ்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1941ஆம் ஆண்டில், துகளின் பரப்பில் ஒட்டுவதற்குப் பதிலாக இரண்டு திரவங்களுக்கிடையே பங்கீடு செய்யும் முறையை அமைத்தார்கள். நாம் மூன்று தடவை குலுக்கியதை ஒரு குழாய்க்குள் ஆயிரக்கணக்கான தடவை தானாகவே நடக்கச் செய்ததுபோல! 1952ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் குழாய்களில் நிரப்ப விஞ்ஞானிகள் அதிகமாக விரும்பிய பொருள்கள் இரண்டு: சிலிக்காவும் அலுமினாவும். பீங்கான் களிமண் எதனால் ஆனது தெரியுமா? நூறு கிராம் தூய வெள்ளைக் களிமண்ணில் சுமார் 46 கிராம் சிலிக்கா, 40 கிராம் அலுமினா, மீதி நீர்!

முப்பது மீட்டர் கண்ணாடி இழை

ஹார்மோனுக்கு நிறம் கிடையாது. ஆகவே சாக்குக்கட்டி போதாது. ஆராய்ச்சிக்கூடத்தில் வாயு வண்ணப்பிரிகை என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே வீதி என்பது மிகத் தூய சிலிக்காவை உருக்கி இழுத்த ஒரு நுண்குழாய். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு. நீளம் 15 முதல் 30 மீட்டர். இதைச் சுருட்டி ஒரு சூடான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போவது ஹீலியம் வாயு. குழாயின் உட்சுவரில் பூசிய மெல்லிய படலம்தான் கடைகள்.

ஆனால் ஒரு சிக்கல். ஹார்மோன் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ராக்சில் பிடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அவை எளிதில் ஆவியாவதில்லை. எனவே அந்தப் பிடிகளுக்குச் சிலிக்கான் சேர்மத்தால் ஒரு தொப்பி மாட்டிவிடுகிறார்கள். தொப்பி போட்டதும் பிடி தளர்ந்து மூலக்கூறு சுலபமாக ஆவியாகிறது. இதற்கேற்ற ஒரு சிறந்த தொப்பிப் பொருளைச் செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டோனிக்கே. இவர் முன்பு சைக்கிள் பந்தய வீரர்!

மூலக்கூற்றை எடை போடுதல்

குழாயின் மறுகோடியில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வருகிறது. வந்தவர் யார்? இங்கே பௌதிகம் உதவிக்கு வருகிறது. வெளிவரும் மூலக்கூறுகளின் மீது எலக்ட்ரான்களை மோதவிடுகிறார்கள். மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று, துண்டுகளாகவும் உடைகின்றன. இத்துண்டுகளை மின்புலத்தின் வழியாகவோ காந்தப்புலத்தின் வழியாகவோ செலுத்தினால், இலேசான துண்டு ஒரு பக்கமும் கனமான துண்டு வேறு பக்கமும் விலகும். பலூனையும் கிரிக்கெட் பந்தையும் காற்றில் எறிந்தால் பலூன் அதிகமாக விலகுகிறதல்லவா? அதுபோல. இக்கருவிக்கு நிறை நிறமாலைமானி என்று பெயர்.

டெஸ்டோஸ்டிரோனில் 19 கார்பன், 28 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. கூட்டிப் பாருங்கள்: 228, 28, 32, மொத்தம் 288. தசை வளர்க்கவென்று செயற்கையாகச் செய்யப்பட்ட மெத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டின் மூலக்கூறு எடை 300. ஸ்டானசோலாலுக்கு 328. எடை மட்டுமல்ல, எந்தெந்தத் துண்டுகளாக உடைகிறது என்பதும் ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற அடையாளம். வெளிவந்த நேரம், எடை, துண்டுகளின் கோலம் ஆகிய மூன்றும் பொருந்தினால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று.

ஏன் மூன்றும் வேண்டும்? எடை மட்டும் போதாதா? போதாது. நம் உடலில் எப்பிடெஸ்டோஸ்டிரோன் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே எடை 288. ஒரே ஒரு ஹைட்ராக்சில் பிடி மட்டும் மேல் நோக்குவதற்குப் பதிலாகக் கீழ் நோக்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்! ஆனால் இது தசையை வளர்ப்பதில்லை. தராசு இந்த இரட்டையரிடம் ஏமாந்துபோகும். குழாய் ஏமாறாது, இருவரும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருவார்கள்.

இந்த இரட்டையர் பெரும்பாலோரின் சிறுநீரில் ஏறக்குறையச் சம அளவில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொண்டால் அது மட்டும் கூடும். இரட்டைப் பிறவி கூடாது. இந்த விகிதத்தைப் பயன்படுத்தும் யோசனையும் டோனிக்கேயினுடையதே. முதலில் 6 என்று இருந்த வரம்பு 2005ஆம் ஆண்டிலிருந்து 4 ஆயிற்று. அதைத் தாண்டினால் மேற்கொண்டு சோதிப்பார்கள். தொழிற்சாலை ஹார்மோன்கள் பெரும்பாலும் சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து செய்யப்படுகின்றன. அவற்றில் எடை 13 உள்ள கார்பன் அணுக்களின் விகிதம் நம் உடலே செய்துகொள்வதில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. ஒரே மனிதரின் பல ஹார்மோன்களில் இந்த விகிதத்தை ஒப்பிட்டால், உடலில் பிறந்தது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று சொல்லிவிடலாம்.

ஒலிம்பிக் பந்தயங்களில் ஸ்டீராய்டு சோதனை முதன்முதலில் 1976ஆம் ஆண்டில் மாண்ட்ரீல் நகரில் நடந்தது. 1983ஆம் ஆண்டில் கரகாஸ் நகரில் நடந்த போட்டிகளில் டோனிக்கேயின் முறை வந்தபோது பலர் பிடிபட்டார்கள். செய்தி கேட்டதும் ஓடாமலே ஊருக்கு விமானம் ஏறியவர்களும் உண்டு!

ஆறு ஓட்டக்காரிகள்

பிடிபட்டவர்கள் எல்லோரும் தெரிந்தே சாப்பிட்டவர்களா? இங்கேதான் டப்பாவின் கதை மீண்டும் வருகிறது.

2011ஆம் ஆண்டில் நம் நாட்டின் ஆறு ஓட்டக்காரிகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். 2010ஆம் ஆண்டில் டில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4 X 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். பலரிடம் காணப்பட்டது மெத்தாண்டியனோன். அதே 300 எடைக்காரர்தான். சீனாவில் வாங்கிய ஜின்செங் என்ற வேர் மருந்தைப் பயிற்சியாளர் கொடுத்துச் சாப்பிட்டதாகவும், அதன் வழியாகத்தான் இது உடலில் புகுந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். இந்தியக் குழு முதலில் ஓராண்டுத் தடை விதித்தது. 2012ஆம் ஆண்டில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு ஆண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் கைநழுவிப் போயிற்று. உன் உடலில் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்பதுதான் விளையாட்டு உலகின் விதி. 'டப்பாவில் எழுதியிருக்கவில்லை' என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

டப்பாவில் எழுதாமல் இருப்பது எத்தனை சாதாரணம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2000-2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆராய்ச்சிக்கூடம், 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றில் 94 பொருள்களில் சீட்டில் குறிப்பிடாத ஹார்மோன் வகைகள் இருந்தன. ஏறக்குறைய ஏழில் ஒன்று! கிராமுக்கு 0.01 மைக்ரோகிராம் முதல் 190 மைக்ரோகிராம் வரை அளவு மாறியது. கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு டன் களிமண்ணில் ஒரு கிராம் இரும்பு போல. வேண்டுமென்றே கலப்பவர்கள் உண்டு. ஒரே கலக்கும் இயந்திரத்தில் நேற்று ஹார்மோன், இன்று புரதம் என்று அரைப்பதால் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

நம் நாட்டில் இச்சோதனைகளைச் செய்வது டில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக்கூடம். 2008ஆம் ஆண்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. 2019ஆம் ஆண்டில் அந்த அங்கீகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் வழங்கப்பட்டது. சோதிப்பவரையும் சோதிக்கிறார்கள்!

சுட்ட மண் திரும்பாது

'நான் ஒலிம்பிக்குக்கா போகப்போகிறேன்? தோள் கொஞ்சம் அகலமானால் போதும்' என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குத்தான் அதிக ஆபத்து.

உங்கள் வயதில் கைகால் எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. நீங்கள் உயரமாவது அங்கேதான். வெளியிலிருந்து வரும் இந்த ஹார்மோன்கள் பல அத்தட்டுகளைக் காலத்துக்கு முன்பே எலும்பாக்கி மூடிவிடும். தசை தற்காலிகமாகப் பருக்கலாம். உயரம் நிரந்தரமாக நின்றுவிடும். மேலும், ஹார்மோன் வெளியிலிருந்து வருவதைக் கண்ட மூளை, விந்தகத்துக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விந்தகம் வேலை குறைந்து சுருங்குகிறது. மெத்தாண்டியனோன் போன்று வாய்வழி உட்கொள்ளும் ஸ்டீராய்டுகள் கல்லீரலைக் கெடுக்கின்றன. பெண்களுக்குக் குரல் தடித்துவிட்டால் பழைய குரல் திரும்புவதில்லை.

விருத்தாசலத்துப் பட்டறைக்காரரைக் கேளுங்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மை கோணலாக இருந்தால் அதை நீரில் போட்டுக் கரைத்துத் திரும்பவும் குழம்பாக்கிவிடலாம். சூளையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் களிமண்ணுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறிவிடுகிறது. பிறகு எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது களிமண்ணாவதில்லை. வளரும் உடல் சுடாத மண். அது சுடப்படும் காலத்தை இயற்கை நிதானமாகக் குறித்திருக்கிறது.

மாவில் ஹார்மோனைக் கலக்க ஒரு கரண்டியும் ஒரு நிமிடமும் போதும். பிரித்துக் கண்டுபிடிக்க முப்பது மீட்டர் சிலிக்காக் குழாயும், மூலக்கூற்றை எடை போடும் தராசும், தேர்ந்த விஞ்ஞானிகளும் வேண்டும். அவை உங்கள் வீட்டில் இல்லை. டப்பா விற்கும் கடையிலும் இல்லை. ஆகவே யாராவது ஒரு டப்பாவை நீட்டி 'இதில் ஒன்றுமில்லை' என்றால், 'எந்த ஆராய்ச்சிக்கூடம் சோதித்தது? அந்த அறிக்கை எங்கே?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் டப்பா வேண்டாம். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். கொண்டைக்கடலையும் பாலும் உளுந்தும் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய ஹார்மோனை, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் உங்கள் உடலே செய்து கொடுக்கும்.